ஜாவா செயலியை நிறுத்தாமலே கோட் மாற்றத்தைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு வரியைத் திருத்துகிறீர்கள். செயலியை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, லாகின் செய்து, விட்ட இடத்துக்கு வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஒரு நாளில் 40 தடவை இப்படிச் செய்தால் ஒரு மணி நேரம் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை மீட்பதற்கான வழி இது.

மாற்றிய கோட் ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள் போய்ச் சேர நான்கு வாசல்களைத் தாண்ட வேண்டும். மீனாட்சி கோயிலில் நான்கு வாசலில் எதில் வேண்டுமானாலும் நுழையலாம். இங்கே நான்கையும் வரிசையாகத்தான் தாண்ட முடியும்.

முதல் வாசல்: மாற்றிய கோட் கம்பைல் ஆக வேண்டும், அதாவது ஜாவா ஓட்டக்கூடிய கிளாஸ் ஃபைலாக மாற வேண்டும். இரண்டாவது: புதிய கிளாஸ் ஃபைல், செயலி எந்த ஃபோல்டரிலிருந்து படிக்கிறதோ அதே ஃபோல்டரில் விழ வேண்டும். மூன்றாவது: ஜாவா கோட்டை ஓட்டும் மென்பொருளான ஜேவிஎம் அந்த மாற்றத்தை ஏற்க வேண்டும். நான்காவது: ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டுகள் புதிய கோட்டைக் கூப்பிட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும்போது பெரும்பாலும் மூன்றாவது வாசலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஜேடிகேயை (கம்பைலரும் ஜேவிஎம்மும் அடங்கிய ஜாவா தொகுப்பு) மாற்றுகிறார்கள், புதிய பிளக்இன் போடுகிறார்கள். சிக்கல் முதல் இரண்டு வாசலிலேயே நின்றிருக்கும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

ஆப்ஷன், செட்டிங் பெயர்களை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறது. டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். முதல் சில எழுத்து அடித்ததுமே எடிட்டர் முழுப் பெயரையும் காட்டிவிடும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஜேடிகே 21 ஒன்று மட்டும். 17-ம் சரிதான், ஜாவாவில் வெப் செயலி எழுத உதவும் ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தபட்சம் 17 வேண்டும். ஆனால் கணினியில் 8, 11, 17 என்று மூன்று ஜாவா கிடந்தால் டெர்மினல் ஒன்றையும் எடிட்டர் இன்னொன்றையும் எடுக்கும். டெர்மினலில் ‘ஜாவா மைனஸ் வெர்ஷன்’ கொடுத்து வரும் எண்ணும், எடிட்டரின் புராஜெக்ட் ஸ்ட்ரக்சரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்தி ‘ஜாவா ஹோம்’ மாறியைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்.

16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. கல்லூரி மாணவர்கள் பலர் கையில் இருக்கும் 8 ஜிபி லேப்டாப்பிலும் எல்லாம் ஓடும். ஆனால் குரோமில் முப்பது டேப் திறந்திருந்தால் கம்பைல் தள்ளாடும், அது 7-ம் படியில் தொல்லை கொடுக்கும்.

புராஜெக்ட் ஃபோல்டரை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டிலும் வைக்காதீர்கள். விண்டோஸில் அவை பல நேரம் ஒன்டிரைவோடு ஒத்திசைந்து இருக்கும். கம்பைலர் எழுதும் அதே நொடியில் ஒன்டிரைவ் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டால் கிளாஸ் ஃபைல் மாறாமல் நிற்கும். சி அல்லது டி டிரைவின் மேல்மட்டத்தில், இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் போதும்.

லைப்ரரிகளை நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள். லைப்ரரிகளை இறக்கி புராஜெக்டைக் கட்டும் கருவியான மேவன் முதல் பில்டில் நிறைய இறக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் பாதியில் அறுந்தால் அரைகுறை ஜார் ஃபைல் தங்கிவிடும், பிறகு வரும் பிழைச் செய்திக்கும் காரணத்துக்கும் தொடர்பே இருக்காது. வேலை செய்யும் இடத்தில் நெட் வேகம் நிச்சயமில்லை என்றால் முந்தின இரவே வீட்டில் ஒரு முழு பில்ட் ஓட்டி வையுங்கள்.

2. சோதனைக்கு ஒரு சின்ன கிளாஸ்

நேராக அலுவலக புராஜெக்டில் முயற்சி செய்ய வேண்டாம். அதில் நூறு காரணங்களுக்காகத் தோற்கலாம், எதனால் தோற்றது என்று தெரியாது. பதினைந்து வரியில் ஒரு கிளாஸ் போதும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் போடும் சீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மல்லி கிலோ 800 ரூபாய், எடை 3.5 கிலோ, கமிஷன் 10 சதவீதம். மொத்தம் 2800, கமிஷன் 280, விவசாயி கைக்கு 2520. எண்கள் உதாரணத்துக்குத்தான். முகூர்த்த நாளில் விலை எங்கே நிற்கும் என்று மார்க்கெட்டுக்குத்தான் தெரியும்.

‘பூக்கணக்கு’ என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதில் ‘கைக்காசு’ என்று ஒரு மெத்தட். விலை, எடை இரண்டையும் வாங்கி, கமிஷன் கழித்துத் திருப்பித் தரும். மெயின் மெத்தடில் முடிவில்லாத ஒரு வைல் லூப். ஒவ்வொரு சுற்றிலும் கைக்காசு மெத்தடைக் கூப்பிட்டு விடையை அச்சிட்டு, 2000 மில்லிசெகண்ட் தூங்கும்.

கணக்கை மெயினுக்குள்ளேயே எழுதிவிடாதீர்கள். ஜேவிஎம் புதிய கோட்டை மெத்தட் மெத்தடாகத்தான் மாற்றும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மெத்தட் தன் பழைய உடலோடுதான் ஓடி முடியும், அடுத்த அழைப்பிலிருந்துதான் புதியது வரும். மெயின் முடிவதே இல்லை. அதற்குள் கணக்கு இருந்தால் என்ன மாற்றினாலும் 2520 வந்துகொண்டேதான் இருக்கும். கைக்காசு ஒவ்வொரு இரண்டு நொடிக்கும் புதிதாகக் கூப்பிடப்படுவதால் மாற்றம் உடனே தெரியும். அலுவலகக் கோட்டில் ‘ரீலோட் ஆச்சு, ஆனா மாறலை’ என்ற புகாரில் பாதி இதுதான். பின்னணியில் சுற்றும் த்ரெட், க்யூவிலிருந்து செய்தி எடுக்கும் லூப் எல்லாவற்றுக்கும் இதே விதி.

3. எடிட்டரைத் தயார்செய்வது

இன்டெலிஜே ஐடியா எடிட்டரில் மூன்று இடங்களைத் தொட வேண்டும்.

முதலில் பில்ட் யார் செய்கிறார் என்பது. புராஜெக்ட் மேவன் போன்ற இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் இருந்தால் செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸ், கிரேடில் பக்கத்தில் ‘பில்ட் அண்ட் ரன் யூசிங்’ என்பதை இன்டெலிஜே ஐடியா என்று மாற்றுங்கள். மேவனில் இருந்தால் ‘டெலிகேட் ஐடிஇ பில்ட்’ டிக் இல்லாமல் இருக்க வேண்டும். காரணம் வேகம். எடிட்டரின் சொந்தக் கம்பைலர் மாறிய ஃபைலையும் அதை நம்பியிருப்பவற்றையும் மட்டும் தொடும். கிரேடிலை எழுப்பினால் ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் கூடும்.

இரண்டாவது, செட்டிங்ஸில் டீபக்கர், ஹாட்ஸ்வாப் பக்கம். ஓடும் செயலிக்குள்ளேயே கோட்டை மாற்றுவதற்குத்தான் ஹாட்ஸ்வாப் என்று பெயர். ‘ரீலோட் கிளாஸஸ் ஆஃப்டர் கம்பைலேஷன்’ என்பதை ‘ஆல்வேஸ்’ ஆக்குங்கள். ‘ஆஸ்க்’ என்று விட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி எழும், நாலாவது தடவை கவனிக்காமல் மூடிவிடுவீர்கள்.

மூன்றாவது, ‘பில்ட் புராஜெக்ட் ஆட்டோமேட்டிக்கலி’. இதை இப்போது தொடாதீர்கள், 7-ம் படிக்கு இருக்கட்டும். பழகும் காலத்தில் கன்ட்ரோல்+எஃப் 9 கையால் அழுத்துவதே நல்லது. எந்த நொடியில் கம்பைல் ஆனது, எந்த நொடியில் ரீலோட் ஆனது என்று கண்ணுக்குத் தெரியும்.

எக்லிப்ஸில் ‘பில்ட் ஆட்டோமேட்டிக்கலி’ ஏற்கனவே டிக் ஆகியிருக்கும். சேவ் செய்தாலே கம்பைல், டீபக்கில் ஓடினால் சேவ் செய்தாலே ரீலோட். விஎஸ் கோட்டில் ஜாவா டீபக்கரின் ‘ஹாட் கோட் ரீப்ளேஸ்’ செட்டிங் ‘மேனுவல்’ என்றிருக்கும். டீபக் பட்டையில் இருக்கும் மின்னல் குறியை அழுத்த வேண்டும். ‘ஆட்டோ’ ஆக்கினால் ‘ஜாவா ஆட்டோபில்ட்’ செட்டிங்கும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

4. முதல் சோதனை

பச்சை முக்கோணத்தை அழுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பூச்சிக் குறியை அழுத்துங்கள். ஹாட்ஸ்வாப் டீபக்கர் இணைப்பு வழியாகத்தான் போகிறது. ரன் முறையில் அந்தப் பாதையே திறக்காது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது, யாரும் சொல்லித் தராததும் இதுதான்.

2520 என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும். கைக்காசு மெத்தடில் 10 சதவீதத்தை 12 ஆக்குங்கள். கன்ட்ரோல்+எஃப் 9. ஓரிரு நொடியில் ஒரு கிளாஸ் ரீலோட் ஆனதாகக் கீழே அறிவிப்பு வரும், அடுத்த வரி 2464 என்று விழும். நான்கு வாசலும் திறந்தாயிற்று.

மாறாக ‘நத்திங் டு ரீலோட்’ என்று வந்தால் எடிட்டர் பார்வையில் கிளாஸ் ஃபைல் மாறவே இல்லை. ஜேவிஎம்மைக் குறை சொல்ல வேண்டாம், சிக்கல் முதல் இரண்டு வாசலில் இருக்கிறது. மேவன் புராஜெக்டில் ‘டார்கெட்’ ஃபோல்டருக்குள் ‘கிளாஸஸ்’ போய் அந்தக் கிளாஸ் ஃபைலின் நேரத்தைப் பாருங்கள். இப்போதைய நேரம் இல்லையென்றால் கம்பைல் நடக்கவில்லை. பில்ட் ஜன்னலில் வேறொரு ஃபைலின் சிவப்புப் பிழை நின்றுகொண்டிருக்கும்.

அடுத்து வேண்டுமென்றே ஒன்றைத் தவறாகச் செய்து பாருங்கள். கமிஷனை மெத்தடுக்கு வெளியே எடுத்து, ‘ஃபைனல்’ போடாத ஸ்டாடிக் ஃபீல்டாக 0.10 என்று வையுங்கள். செயலியைப் புதிதாக டீபக்கில் தொடங்குங்கள். இப்போது 0.10-ஐ 0.12 ஆக்கி கன்ட்ரோல்+எஃப் 9. ரீலோட் ஆனது என்றே அறிவிப்பு வரும், திரையில் 2520 தான் வரும்.

ஸ்டாடிக் ஃபீல்டுக்கு மதிப்பு ஏறுவது கிளாஸ் முதன்முதலில் எழும்போது ஒரே தடவை. ரீலோட் மெத்தட்களை மாற்றும், ஏற்கனவே ஏறிவிட்ட மதிப்பைத் தொடாது. கன்ஸ்ட்ரக்டரும் அப்படியே. அதை மாற்றினால் இனி பிறக்கும் ஆப்ஜெக்டுகளுக்குத்தான் செல்லும், பிறந்தவை பழையபடியே இருக்கும். இந்த ஒரு சோதனையைக் கையால் செய்து பார்த்தவர்கள் பிறகு நான்காவது வாசலில் குழம்புவதில்லை.

5. சாதாரண ஜேவிஎம் எதை ஏற்கும், எதை மறுக்கும்

ஏற்பது ஒன்றே ஒன்றுதான், ஏற்கனவே இருக்கும் மெத்தடின் உட்பகுதி மாற்றம். கணக்கு மாறலாம், இஃப் நிபந்தனை மாறலாம், லாக் வரி சேர்க்கலாம், உள்ளே புதிய லோக்கல் மாறி வைக்கலாம்.

மறுப்பவை: புதிய மெத்தட், மெத்தடை நீக்குவது, பாராமீட்டர் கூட்டுவது, புதிய ஃபீல்ட், சூப்பர் கிளாஸையோ இன்டர்ஃபேஸையோ மாற்றுவது. மெத்தட் சேர்த்தால் ‘ஆட் மெத்தட் நாட் இம்ப்ளிமென்டட்’ என்றும், ஃபீல்டைத் தொட்டால் ‘ஸ்கீமா சேஞ்ச் நாட் இம்ப்ளிமென்டட்’ என்றும் வரும். இரண்டாவதைப் பார்த்து டேட்டாபேஸ் ஸ்கீமாவில் ஏதோ தவறு என்று தேடிப் போகிறவர்கள் உண்டு. அது கிளாஸின் அமைப்பைச் சொல்கிறது, டேட்டாபேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பார்வைக்கு மெத்தடின் உள்ளே மட்டும் மாற்றியது போலிருந்தும் மறுக்கப்படும் இடம் லாம்டா, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷன். கைக்காசு மெத்தடுக்குள் புதிதாக ஒரு லாம்டா எழுதினால், கம்பைலர் அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரைவேட் மெத்தடை அதே கிளாஸில் உருவாக்கும். ஜேவிஎம் கண்ணுக்கு அது மெத்தட் சேர்ப்பு, எனவே மறுப்பு. இருக்கிற லாம்டாவின் உட்பகுதியை மாற்றினால் பிரச்சினை இல்லை. ஜாவா 8-ல் பழகியவர்களுக்கு இது புதிராக இருக்கும். அப்போது பிரைவேட் ஸ்டாடிக் மெத்தட்களைச் சேர்க்க ஜேவிஎம் விட்டுக்கொடுத்தது, 13-ம் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை இல்லை.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் ஹாட்ஸ்வாப் கைவிடக்கூடாத கருவி. இருபது விவசாயிகளின் சீட்டை உள்ளிட்டு, இருபத்தொன்றாவது சீட்டில் கணக்கு பிசகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்பாயின்டில் நிறுத்தி, மெத்தடைத் திருத்தி, கன்ட்ரோல்+எஃப் 9 அழுத்தி, ஃபிரேம்கள் பட்டியலில் அந்த மெத்தடின் மேல் ‘ரீசெட் ஃபிரேம்’ கொடுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் ‘டிராப் ஃபிரேம்’. மெத்தட் தொடக்கத்திலிருந்து புதிய கோட்டோடு மறுபடி ஓடும், உள்ளிட்ட இருபது சீட்டும் அப்படியே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த மெத்தட் ஏற்கனவே டேட்டாபேஸில் ஒரு வரியை எழுதியிருந்தால் அது அழியாது, இரண்டாவது தடவையும் எழுதும்.

6. மெத்தட், ஃபீல்ட் சேர்க்கவும் வழி வேண்டுமென்றால்

ஜெட்பிரெயின்ஸ் ரன்டைம் என்ற ஜேடிகேயில் விரிவான கிளாஸ் மறுவரையறை இருக்கிறது. இது தனி எடிட்டர் இல்லை, ஜேவிஎம்தான். எக்லிப்ஸ்காரர்களும் பயன்படுத்தலாம்.

இன்டெலிஜேயில் புராஜெக்ட் ஸ்ட்ரக்சர், எஸ்டிகே, ‘டவுன்லோட் ஜேடிகே’ போய், வெண்டர் பட்டியலில் ஜெட்பிரெயின்ஸ் ரன்டைமைத் தேர்ந்தெடுத்து, 17 அல்லது 21-ஐ இறக்குங்கள். முழு புராஜெக்டுக்கும் இதை ஜேடிகேயாக வைக்க வேண்டாம், ரன் கான்ஃபிகரேஷனில் மட்டும் போதும். கம்பைல் வழக்கமான ஜேடிகேயிலேயே நடக்கட்டும். குழுவில் மற்றவர்கள் பில்டும் உங்கள் பில்டும் வேறுபடக் கூடாது.

பிறகு ரன் கான்ஃபிகரேஷனில் ‘மாடிஃபை ஆப்ஷன்ஸ்’, ‘ஆட் விஎம் ஆப்ஷன்ஸ்’ திறந்து இதை இடுங்கள்: மைனஸ், எக்ஸ்எக்ஸ், கோலன், பிளஸ், அதையடுத்து அலோ என்ஹான்ஸ்டு கிளாஸ் ரீடெஃபினிஷன். கடைசி நான்கு சொல்லும் ஒட்டியபடி, ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக. இது தானாக இயங்காது, ஆப்ஷன் கொடுத்தால்தான் உண்டு. ஜேவிஎம் ‘அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்’ என்று சொல்லி எழும்ப மறுத்தால், ஒன்று எழுத்துப் பிழை, இல்லையென்றால் ரன் கான்ஃபிகரேஷன் இன்னும் பழைய ஜேடிகேயைத்தான் எடுக்கிறது.

சோதிக்க: பூக்கணக்கு கிளாஸை, மெயின் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் வழியாகக் கைக்காசைக் கூப்பிடும்படி மாற்றி ஓடவிடுங்கள். ஓடும்போதே ‘கூடை எடை’ என்று ஒரு ஃபீல்ட் சேர்த்து 0.5 என்று மதிப்பு கொடுத்து, எடையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோல்+எஃப் 9. பிழை வராது, ஆனால் விடையும் மாறாது. ஏற்கனவே பிறந்த ஆப்ஜெக்டில் புதிய ஃபீல்ட் பூஜ்யமாகத்தான் இருக்கும், 0.5 என்ற மதிப்பு கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போதுதான் ஏறும். ஃபீல்ட் எண்ணாக இல்லாமல் ஒரு லிஸ்டாக இருந்தால் இதே இடத்தில் ‘நல் பாயின்டர்’ வெடிக்கும்.

சூப்பர் கிளாஸை மாற்றுவதற்கு இதிலும் இடமில்லை. அதற்கு மறுபடி தொடங்குவதே வழி.

ஸ்பிரிங் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு அடுக்கு தேவைப்படும். புதிய கன்ட்ரோலர் மெத்தடை ஜேவிஎம் ஏற்றுக்கொண்டாலும், எந்த முகவரிக்கு எந்த மெத்தட் என்ற பட்டியலை ஸ்பிரிங் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டது. அதனால் புதிய முகவரி 404 தரும். அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்வது ஹாட்ஸ்வாப்ஏஜென்ட். அதன் ஜார் ஃபைலை ரன்டைமின் ‘லிப்’ ஃபோல்டருக்குள் ‘ஹாட்ஸ்வாப்’ என்ற ஃபோல்டர் உருவாக்கி வைத்து, ‘ஹாட்ஸ்வாப்ஏஜென்ட் ஈக்வல் ஃபேட்ஜார்’ என்ற எக்ஸ்எக்ஸ் ஆப்ஷனைக் கூட்ட வேண்டும். ஜார் ஃபைல் பெயரில் பதிப்பு எண் இருந்தால் நீக்கிவிட்டு வையுங்கள். எண்ணோடு இருந்தால் ரன்டைம் அதைக் கண்டுகொள்ளாது.

புதிதாகக் கற்பவர்கள் இந்த 6-ம் படியைத் தாண்டிப் போகலாம். ஸ்பிரிங் வேலைக்கு அடுத்த படியே பெரும்பாலும் போதும்.

7. ஸ்பிரிங் பூட் டெவ்டூல்ஸ்

இது ஹாட்ஸ்வாப் இல்லை, வேகமான மறுதொடக்கம். செயலியின் கிளாஸ்களை இரண்டாகப் பிரித்து வைக்கிறது. மாறாத லைப்ரரி ஜார்கள் ஒரு கிளாஸ்லோடரில் (கிளாஸ்களை மெமரியில் ஏற்றும் பகுதி), உங்கள் கோட் இன்னொன்றில். நீங்கள் மாற்றியதும் இரண்டாவதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்கும், முதலாவது சூடாகவே இருக்கும். அதனால் முழுத் தொடக்கத்தைவிட விரைவு. மெத்தட், ஃபீல்ட், அனோடேஷன் என எதையும் மாற்றலாம், மூன்றாவது வாசலின் கட்டுப்பாடு இதற்கு இல்லை. பதிலுக்கு மெமரியில் இருந்த நிலை எல்லாம் போய்விடும்.

டிபென்டன்சி சேர்க்கும்போது மேவனில் ‘ஆப்ஷனல்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள், கிரேடிலில் ‘டெவலப்மென்ட்ஒன்லி’ என்பதன் கீழ் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் மாட்யூலை நம்பியிருக்கும் மற்ற மாட்யூல்களுக்குள்ளும் அது பரவும்.

இப்போது 3-ம் படியில் விட்டு வைத்ததைச் செய்யுங்கள். செட்டிங்ஸில் கம்பைலர் பக்கத்தில் ‘பில்ட் புராஜெக்ட் ஆட்டோமேட்டிக்கலி’. அது மட்டும் போதாது, செயலி ஓடும்போது அது ஒதுங்கி நிற்கும். ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘அலோ ஆட்டோ-மேக் டு ஸ்டார்ட்’ என்று தொடங்கும் வரியையும் டிக் செய்யுங்கள். இந்த இரண்டாவது டிக்கை விட்டுவிட்டு டெவ்டூல்ஸ் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மெயின் கிளாஸை எடிட்டரிலிருந்து ஓடவிடுங்கள். ‘ஜாவா மைனஸ் ஜார்’ என்று ஓட்டினால் டெவ்டூல்ஸ் இதை நிஜ சர்வர் என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும். இயங்குகிறதா என்று அறிய லாகில் த்ரெட் பெயரைப் பாருங்கள். ‘ரீஸ்டார்டட்மெயின்’ என்றிருந்தால் இயங்குகிறது, வெறும் ‘மெயின்’ என்றால் இல்லை.

கிரேடில்காரர்களுக்கு ஒரு பொறி. செயலியை டெர்மினலில் ‘பூட்ரன்’ கொடுத்து ஓட்டினால் அது ‘பில்ட்’ ஃபோல்டரிலிருந்து படிக்கும். இன்டெலிஜேயின் சொந்தக் கம்பைலரோ ‘அவுட்’ ஃபோல்டரில் எழுதும். கம்பைல் ஆகிறது, செயலிக்குத் தெரியவில்லை, இரண்டாவது வாசலில் நின்றுவிட்டது. ஓட்டுவதும் கம்பைல் செய்வதும் ஒரே கையில் இருக்கட்டும்.

நேர அமைப்பு: டெவ்டூல்ஸ் 1 நொடிக்கு ஒரு தடவை ஃபோல்டரைப் பார்க்கும், மாற்றம் கண்டால் 400 மில்லிசெகண்ட் அமைதி நிலவுகிறதா என்று காத்திருந்து மறுதொடக்கம் செய்யும். கம்பைல் மெதுவாக நடக்கும் கணினியில் பாதி கிளாஸ்கள் விழுந்த நிலையிலேயே அந்த அமைதி கிடைத்துவிடும். உடனே தொடங்கி, ஒரு கிளாஸைக் காணோம் என்று விழுந்து, மீதி வந்ததும் மறுபடி தொடங்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் கொதித்துப் புராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, காலையில் ஒழுங்காக இருந்த அதே புராஜெக்ட் மதியம் இப்படி இரட்டைத் தொடக்கம் காட்டும். அப்ளிகேஷன் பிராப்பர்ட்டிஸில் ‘ஸ்பிரிங்.டெவ்டூல்ஸ்.ரீஸ்டார்ட்’ என்பதன் கீழ் ‘போல்-இன்டர்வெல்’ 2 நொடி, ‘கொயட்-பீரியட்’ 1 நொடி என்று வைத்தால் அடங்கும். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செயலி எழும்போதே பிழை தரும்.

பத்து ஃபைல்களை ஒருசேரத் திருத்தும் நாளில் ஒவ்வொரு சேவுக்கும் மறுதொடக்கம் எரிச்சலூட்டும். ‘ட்ரிகர்-ஃபைல்’ செட்டிங்கில் ஒரு ஃபைல் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயரில் ஒரு வெற்று ஃபைலை ரிசோர்சஸ் ஃபோல்டரில் வையுங்கள். அதைத் தொட்டால்தான் மறுதொடக்கம். பெரிய புராஜெக்டுக்கு இதைப் பரிந்துரைக்கிறோம்.

இன்மெமரி எச்2 டேட்டாபேஸ் வைத்திருந்தால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் சீட்டுகள் எல்லாம் காலி. முகவரியில் ‘மெம்’ என்பதை ‘ஃபைல்’ ஆக்கி ஒரு பாதை கொடுங்கள். கூடவே டேபிள்களைக் கையாளும் ஹைபர்நேட்டின் ‘டிடிஎல்-ஆட்டோ’வை ‘அப்டேட்’ ஆக்குங்கள். இன்மெமரியில் ஸ்பிரிங் தானாக டேபிள் உருவாக்கியது, ஃபைலுக்கு மாறியதும் அந்த உதவி நின்றுவிடும், ‘டேபிள் நாட் ஃபவுண்ட்’ வரும்.

டீபக்கில் ஓட்டும்போது ‘சைலன்ட்எக்ஸிட்எக்செப்ஷன்’ என்ற இடத்தில் செயலி நின்றால் பயப்படாதீர்கள். பழைய மெயின் த்ரெட்டை ஓசையில்லாமல் முடிக்க டெவ்டூல்ஸ் வேண்டுமென்றே எறிவது அது. தொடரும் பொத்தானை அழுத்துங்கள்.

பூவிலை என்ற கிளாஸைப் பூவிலையாகவே மாற்ற முடியாது என்று ‘கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்’ வந்தால், ஒரே கிளாஸ் இரண்டு லோடரிலும் ஏறியிருக்கிறது. பொதுவான மாட்யூல் ஜார் வடிவில் வரும் புராஜெக்ட்களில் இது நடக்கும். ‘மெட்டா-இன்ஃப்’ ஃபோல்டரில் ‘ஸ்பிரிங்-டெவ்டூல்ஸ்.பிராப்பர்ட்டிஸ்’ என்ற ஃபைல் வைத்து, ‘ரீஸ்டார்ட்.இன்குளூட்’ என்று தொடங்கும் வரியில் அந்த ஜாரின் பெயர் வடிவத்தைக் கொடுத்தால், அதுவும் உங்கள் கோட்டோடு சேர்ந்து இரண்டாவது லோடருக்கு வந்துவிடும்.

6-ம் படியையும் 7-ம் படியையும் சேர்த்து வைக்காதீர்கள். ஒரே கிளாஸ் ஃபைல் மாற்றத்துக்கு டீபக்கர் ரீலோட் செய்யும், டெவ்டூல்ஸ் அதே நொடியில் மறுதொடக்கமும் செய்யும், பாதுகாக்க நினைத்த நிலை போய்விடும். ஹாட்ஸ்வாப்ஏஜென்ட் பயன்படுத்தும் நாளில் ‘ஸ்பிரிங்.டெவ்டூல்ஸ்.ரீஸ்டார்ட்.எனேபிள்டு’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுங்கள்.

8. பக்கங்கள், படங்கள், தமிழ் எழுத்துகள்

டெம்ப்ளேட், ஸ்டாடிக் ஃபோல்டர்களில் உள்ளவை மாறினால் மறுதொடக்கம் நடக்காது, தேவையும் இல்லை. டைம்லீஃப் போன்ற டெம்ப்ளேட் எஞ்சின்களின் கேஷை டெவ்டூல்ஸே அணைத்து வைக்கிறது. ஆனால் எச்டிஎம்எல் ஃபைலும் சோர்ஸ் ஃபோல்டரிலிருந்து டார்கெட் ஃபோல்டருக்கு நகலாக வேண்டும். கம்பைல் தேவையில்லாத ஃபைல்தானே என்று பில்ட் அழுத்தாமல் பிரவுசரை மட்டும் ரிஃப்ரெஷ் செய்தால் பழையதே வரும். பில்ட் செய்தும் சிஎஸ்எஸ் மாறவில்லை என்றால் பிரவுசரின் எஃப் 12 பலகையில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ‘டிஸ்ஏபிள் கேஷ்’ டிக் செய்யுங்கள்.

பிரவுசர் தானாக ரிஃப்ரெஷ் ஆக லைவ்ரீலோட் நீட்சியைப் போட்டு, ‘ஸ்பிரிங்.டெவ்டூல்ஸ்.லைவ்ரீலோட்.எனேபிள்டு’ என்பதை ‘ட்ரூ’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். அது 35729 போர்ட்டில் இயங்கும். இரண்டு செயலியை ஒன்றாக ஓட்டினால் முதலாவதற்கு மட்டுமே அந்தப் போர்ட் கிடைக்கும்.

ரீலோட் ஆன பிறகு ‘மல்லி’ என்பது கேள்விக்குறிகளாக வந்தால் அது ரீலோட் கோளாறு இல்லை. எடிட்டரின் ‘ஃபைல் என்கோடிங்ஸ்’ பக்கத்தில் புராஜெக்ட் என்கோடிங், பிராப்பர்ட்டிஸ் ஃபைல் என்கோடிங் இரண்டையும் யுடிஎஃப்-8 ஆக்குங்கள். ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தான் இயல்பு, 17-ல் விண்டோஸின் பழைய எழுத்துமுறையை எடுக்கும். கமாண்ட் ஜன்னலில் மட்டும் கோளாறு என்றால் அங்கே ‘சிஎச்சிபி 65001’ கொடுங்கள்.

9. வேறு கணினியில் ஓடும் செயலியோடு இணைவது

டாக்கரிலோ டெஸ்ட் சர்வரிலோ ஓடும் ஜேவிஎம்மிலும் டீபக் போர்ட் வழியாக ஹாட்ஸ்வாப் செய்யலாம். வழக்கமான போர்ட் 5005. ஜாவா 9 முதல் வெறும் 5005 என்று கொடுத்தால் அதே கணினிக்குள் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து இணைய எண்ணுக்கு முன்னால் நட்சத்திரமும் கோலனும் சேர்க்கச் சொல்வார்கள். பொது வைஃபையிலோ இணையத்தில் திறந்திருக்கும் சர்வரிலோ அதைச் செய்யவே கூடாது. அந்தப் போர்ட்டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது, இணைபவர் எவரும் அந்த ஜேவிஎம்மில் தான் விரும்பிய கோட்டை ஓட்டலாம். எஸ்எஸ்எச் டனல் வழியாக மட்டும் இணையுங்கள்.

10. தோற்றால் எந்த வரிசையில் பார்ப்பது

கிளாஸ் ஃபைலின் நேரம் புதிதா? இல்லையென்றால் கம்பைல் பிழை, ஆட்டோ பில்ட் டிக், ஒன்டிரைவ் இம்மூன்றில் ஒன்று. நேரம் புதிது, செயலி அசையவில்லை என்றால் வேறு ஃபோல்டர், அல்லது டீபக்கில் ஓடவில்லை. மறுப்புச் செய்தி வந்தால் 5-ம் படி. ரீலோட் ஆனதாகச் சொல்லி விடை மாறவில்லை என்றால் ஸ்டாடிக் மதிப்பு, பிறந்துவிட்ட ஆப்ஜெக்ட், அல்லது இன்னும் முடியாத மெத்தட்.

செயலி ஓடும்போது இன்னொரு டெர்மினலில் ‘மேவன் கிளீன்’ கொடுக்காதீர்கள். ஓடும் செயலியின் காலடியிலிருந்து கிளாஸ் ஃபைல்கள் மறையும், ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ பிழைகள் சம்பந்தமில்லாத இடங்களில் முளைக்கும்.

யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கம்பைல் நடுவே கரண்ட் போனால், எது கம்பைல் ஆனது எது ஆகவில்லை என்ற எடிட்டரின் குறிப்பும் கெட்டுப்போகும். பிறகு மாற்றம் செய்தாலும் மாற்றமில்லை என்றே சொல்லும். பில்ட் மெனுவில் ‘ரீபில்ட் புராஜெக்ட்’ ஒரு தடவை கொடுங்கள், தீரும்.

கிட்டில் புஷ் செய்யும் முன் செயலியை முழுதாக நிறுத்தி, ரீபில்ட் செய்து, சாதாரண ஜேடிகேயில் ஒரு தடவை ஓடவிட்டு அதே திரையைப் பாருங்கள். பகல் முழுக்க ஹாட்ஸ்வாப்பில் ஓடிய செயலிக்குள் காலையில் ஏறிய ஸ்டாடிக் மதிப்புகள் இன்னும் இருக்கும். உங்கள் திரையில் 2464 சரியாக வந்து, சர்வரில் வேறு எண் வருவது அங்கிருந்துதான்.